பதிவுப் பேர்

ஊசி போடுகிற நாளென்றால் அந்தக் கிளினிக்கில் கால் வைக்க இடம் இருக்காது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாகக் கூடி அழுவதுபோல ஒரு சத்தம். சித்திரை வெயில். கடல் பக்கத்து யன்னல்கள் திறந்துதான் கிடந்தன, காற்றைத்தான் காணவில்லை. மெரிஸா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வாங்குப் பலகையின் நுனியில் இருந்தாள். பக்கத்தில் மாமியார் இரத்தினம்மா மடியில் சுடுதண்ணீர்ப் போத்தலும் துவாய்ப் பையுமாக, வந்திருக்கிற மற்றப் பிள்ளைகளின் கன்னங்களைத் தன் பேரனின் கன்னத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முறை வந்தது. மிட்வைஃப் பிள்ளையைத் தராசில் கிடத்திவிட்டு, தலை நிமிராமல், பபாவின் பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டாள். கதிர் என்று சொல்ல மெரிஸா வாயைத் திறந்தாள். அதற்குள் இரத்தினம்மா முந்திக்கொண்டார். வெள்ளவத்தையில் எத்தனையோ வருஷம் இருந்தும் அவருக்குச் சிங்களம் ஓடாது. ஆனால் ‘நம’ என்றால் பெயர் என்று தெரியும்.

“ஹரக்ஷன்,” என்றார்.

மிட்வைஃப் நிமிர்ந்தாள். தான் கேட்டது பிழையாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டாள். இவளுக்கு விளங்கவில்லைப் போலும் என்று இரத்தினம்மா பெயரை இரண்டாக உடைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்.

“ஹரக்... ஷன்.”

ஹரக் என்றால் சிங்களத்தில் மாடு. வெறும் மாடு மட்டுமில்லை. கொழும்பில் பஸ்ஸைக் குறுக்கே வெட்டுகிறவனை, கணக்கில் பிழை விடுகிறவனை, வகுப்பில் கடைசியாக வருகிறவனை எல்லாம் அந்தச் சொல்லால்தான் ஏசுவார்கள். வரிசையில் நின்ற இரண்டு சிங்களப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மற்றவளால் அடக்க முடியவில்லை. சிரிப்பு அப்படியே பின்வரிசை வாங்குக்கும் போனது. தமிழ்ப் பெண்கள் சிலரும் சிரித்தார்கள்.

இரத்தினம்மாவும் சிரித்தார். பெயர் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று என்று நினைத்துவிட்டார். கைப்பையைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று விரித்து நீட்டினார்.

மெரிஸா அதை அப்போதுதான் பார்த்தாள். கணவன் கிஷாந்த் பதிவுக்குப் போய்வந்த நாளிலிருந்து, கொப்பி இன்னும் கையில் கிடைக்கவில்லை, பதிவுக் கந்தோரில் சனக்கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவில் பிள்ளையின் காதில் கதிர் என்றுதான் சொன்னார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இரண்டு பேரும் பேசி முடித்த பெயர் அது. தாளில் இருந்ததோ வேறு.

பிள்ளை ஊசிக்கு வீரிட்டு அழுதான். மிட்வைஃப் அவனைத் தாயிடம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, நங்கி என்று தங்கச்சியைப்போல அழைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்க முன்னம் இதை மாற்றிவிடுங்கள் என்று சொன்னாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது அது. அந்தப் பரிவுதான் மெரிஸாவை அதிகம் சுட்டது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில், குடையைப் பிள்ளையின் தலைக்குச் சரித்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெயர் எப்போது வைத்தது என்று மாமியாரிடம் கேட்டாள்.

“ஏன், தம்பி உமக்குச் சொல்லேல்லையே?” என்றார் இரத்தினம்மா. மகனை அவர் தம்பி என்றுதான் சொல்லுவார். “உஷாந்தி எல்லோ எடுத்துத் தந்தவள். நல்ல பேர் பிள்ளை. ஒருத்தருக்கும் இல்லாத பேர்.”

“மாமி, அவங்க ஏன் சிரிச்சாங்க தெரியுமா?”

சொன்னாள். இரத்தினம்மா நடுத்தெருவில் நின்றார். பிறகு முகத்தை வெட்டிக்கொண்டு நடந்தார். “சும்மா கதையாதையும். அவையளுக்கு எங்கட பேர் வாயிலை வராது. அதுக்குச் சிரிக்கினம்.”

உஷாந்தி கிஷாந்தின் அக்கா. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். வெள்ளவத்தையில் இவர்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீடு அவள் வாங்கியது, பத்திரமும் அவள் பெயரில்தான். அவள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டத் தேவை வராதபடி எல்லோரும் நடந்துகொண்டார்கள். பிள்ளை பிறந்த சேதி போன அன்றே அவள் சென்னையில் எண்சாத்திரம் பார்க்கிற ஒருவரை வட்ஸ்அப்பில் பிடித்துவிட்டாள். புனர்பூசம் மூன்றாம் பாதம், ‘ஹ’வில் தொடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்களின் கூட்டு இன்ன எண்ணில் நிற்க வேண்டும். அந்த எண்ணுக்காக நடுவில் ஓர் எக்ஸ் வந்தது, பின்னால் ஓர் ஏ கூடியது. இப்படித்தான் அவளுடைய பிள்ளைகளும் ஜெனிக்ஷன், ஜெனிக்ஷா ஆனார்கள். அந்தப் பெயர்களுக்கு என்ன கருத்து என்று மெரிஸா ஒருமுறை கேட்டதற்கு, கருத்தெல்லாம் பழைய ஆக்கள் பார்க்கிறது என்று பதில் வந்தது.

மெரிஸா பம்பலப்பிட்டியில் ஒரு மொண்டிசோரியில் ரீச்சர். பெயர்களோடுதான் அவளுடைய பிழைப்பு. காலையில் வருகை இடாப்புக் கூப்பிட்டால் தக்ஷிகன், லக்ஷிகன், ரிக்ஷிகன், டபிக்ஷா, கபிக்ஷா என்று நாக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஒருத்தருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடிப் போன தாய்தகப்பன்மார் எல்லோரும் ஒரே கடையில் வாங்கிக்கொண்டு வந்ததுபோல இருக்கும். போன வருஷம் ஒரு பையன். முதல் கிழமை முழுக்கக் கூப்பிட்டும் அவன் எழும்பவில்லை. காது கேட்காதோ என்று பயந்து தாயைக் கூப்பிட்டுக் கேட்டால், வீட்டில் அவனுக்குச் சுட்டி என்று பெயராம். பதிவுப் பெயர் தன்னுடையது என்று அவனுக்கே தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை தன் பெயரைத் தானே சொல்ல முடியாமல் திக்கி நிற்கும்போது மற்றப் பிள்ளைகளின் முகத்தில் வருகிற அந்தச் சிரிப்பை அவள் கண்டிருக்கிறாள். கதிர் என்று அவள் தேடி எடுத்ததே அதற்காகத்தான். பல் முளைக்காத வாயாலும் சொல்லிவிடலாம். சிங்களவன் சொன்னாலும் கெடாது, சோனக ஆச்சி சொன்னாலும் கெடாது.

அன்றைக்கு இரத்தினம்மா சுறா வறை செய்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று வாரத்தில் இரண்டு தடவையாவது சுறா வாங்குவார். அவித்து, தோல் நீக்கி, முள் பார்த்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் போட்டுப் பிரட்டுகிற வாசம் வீடு முழுக்கப் பரவியிருந்தது. மெரிஸா பல்கனியில் துவாய்த் துணிகளைக் காயப்போட்டபடி தண்டவாளத்தையும் அதற்கு அப்பால் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இறங்கவில்லை. வெயில் சாயச் சாய ஏறியது. மாமிக்குச் சிங்களம் தெரியாது, உஷாந்தி நாட்டை விட்டுப் போகமுன் கற்ற கொஞ்சத்தையும் மறந்திருப்பாள். கிஷாந்துக்கு? வேலைத்தலத்தில் அவனைச் சுற்றி இருப்பவர்கள் பாதிப்பேர் சிங்களவர். அவர்களோடு பகிடி விடுவதும் தேத்தண்ணி குடிப்பதும் சிங்களத்தில்தான்.

வேலை முடிந்து வந்தவனிடம், சப்பாத்தைக் கழற்ற விட்டுவிட்டுக் கேட்டாள்.

“ஹரக் எண்டா என்னண்டு உங்களுக்குத் தெரியாதா?”

அவன் தாயின் கைப்பையைப் பார்த்தான். விஷயம் வெளித்துவிட்டது என்று விளங்கிவிட்டது.

“அது பதிவுப் பேர் மட்டும்தானே,” என்றான். “வீட்டிலை கதிர் எண்டே கூப்பிடுவம். ஆர் வேண்டாமெண்டது?”

“நான் கேட்டது அதில்ல. தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“கந்தோர்ல எழுதினவர் சிரிக்கல்லயா?”

கிஷாந்த் சப்பாத்துகளைச் சேர்த்துச் சுவரோரம் வைத்தான். “ரெண்டு தரம் கேட்டவர். ஷுவரா எண்டு கேட்டவர்.”

“அப்ப நீங்க ஓம் எண்டு சொன்னீங்க.”

“அக்கா ஆசைப்பட்டுக் கேட்டவ, மெரி. அவ எங்களுக்குச் செய்ததுக்கு ஒரு பேர்தானே. அதோட, உம்முடைய பேர் மட்டும் என்ன? அது கப்பலின்ர பேர்.”

அது உண்மை. மெரிஸாவின் தகப்பன் கிளறன்ஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். அவள் பிறந்த கிழமை மெரிஸா என்றொரு கப்பல் மா மூட்டையோடு வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடிவந்து சேதி சொன்னபோது கிளறன்ஸ் அந்தக் கப்பலின் மேல்தட்டில் நின்றார். அந்தப் பெயரையே வைத்தார். மாதா கோயிலில் பாதிரிச் சுவாமி, இது எந்த அர்ச்சியசிட்டவளின், எந்தப் புனிதையின் பெயர் என்று கேட்டதற்கு, இனிமேல் வருவாள் சுவாமி என்றாராம். கல்யாணத்துக்குக் கார்ட் அடித்தபோது மாப்பிள்ளை வீட்டார் அவளைக் கேட்காமலே ‘மீரா’ என்று அடித்தார்கள். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் மத்தியில் கப்பல் பெயர் கேவலமாம். ஒரு கார்ட் தானே என்று அவள் அன்றைக்கு விழுங்கிக்கொண்டாள்.

“எங்கட டடி அந்தக் கப்பல்ல வேர்வை சிந்தினவர்,” என்றாள். “மேல நிண்டு, மகள் பிறந்திட்டாள் எண்டு கீழ நிண்ட ஆக்களுக்குக் கத்திச் சொன்னவர். உங்கட எண்சாத்திரக்காரன் இவன்ட முகத்தயாவது பாத்தானா?”

அந்த நேரத்தில்தான் உஷாந்தி வீடியோவில் வந்தாள். அங்கே அவளுக்குக் காலை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் மருமகனைப் பார்ப்பாள். கிஷாந்த் தயங்க, மெரிஸா போனை வாங்கி மேசையில் நிறுத்தி, நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பெயரை மாற்றப் போகிறேன், உங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன் என்றாள்.

உஷாந்திக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு சிரித்தாள், பிறகு சலித்துக்கொண்டாள்.

“சிங்களவர் சிரிச்சா உமக்கு என்ன, மெரிஸா? அவன் அங்கையே வளரப்போறான்? இன்னும் ஒண்டு ரெண்டு வருஷத்திலை இஞ்சை. இஞ்சை ஆருக்கு உந்தப் பாஷை தெரியும்? தம்பி சொல்லேல்லையே, அலுவல் எல்லாம் தொடங்கியாச்சு. பாஸ்போர்ட்டுக்குத்தான் பதிவைக் கெதியாச் செய்யச் சொன்னனான். வீட்டை வித்துப்போட்டு வரலாம். அம்மாவுக்குத்தான் குளிர் ஒத்துவராது, அவ கொஞ்ச நாளைக்குச் சுன்னாகத்திலை சித்தியோடை இருக்கட்டும்.”

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

மெரிஸா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பெயர் என்பது வெளியே நீட்டிக்கொண்டிருந்த வால்தான், உள்ளே முழு மாடும் நிற்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த நாட்டில் இருப்பது, பிள்ளை எந்தத் தெருவில் விளையாடுவது, அவள் தன் வேலையை விடுவது, கொட்டாஞ்சேனையில் இருக்கிற தாய்தகப்பனை இனி எப்போது காண்பது, எல்லாவற்றையும் அக்காவும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள். அவளிடம் கேட்டது பெயர் ஒன்றைத்தான். அதையும் கேட்டுவிட்டு மாற்றியிருந்தார்கள்.

“நான் இங்கதான் இருப்பன்,” என்று போனைப் பார்த்துச் சொன்னாள். “என்ட பிள்ளயும்.”

அடுத்த நாள் காலை, கிஷாந்த் வேலைக்குப் போனதும், பிள்ளையின் துணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனாள். இரத்தினம்மா தடுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வறை மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீடு ஒரு முடுக்கின் கடைசி. இரண்டு அறை, முன்னால் ஒரு துண்டு சிமெந்துத் தரை. கிளறன்ஸ் வேலையிலிருந்து ஓய்ந்தும் ஓயாமல் முகத்துவாரம் பக்கம் ஒரு கொள்கலன் முற்றத்தில் காவலுக்குப் போய்வந்தார். அன்று இராக்காவல் முடித்து வந்து, பாண் துண்டைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பையைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழும்பினார். அடித்தானா என்பதுதான் முதல் கேள்வி.

“இல்ல டடி. புள்ளக்கிப் பேர் வச்சிட்டாரு.”

பெயரைச் சொன்னாள். கிளறன்ஸ் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாதென்று முயன்றும், நெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தாய் பேர்ணடெற் பிள்ளையை வாங்கி உச்சி மோந்தபடி, ஒரு பேருக்காக யாராவது வீட்டை விட்டு வருவார்களா, மாப்பிள்ளை குடிக்கிறானா, கூத்தியாள் வைத்திருக்கிறானா, இதெல்லாம் பொறுத்துப் போகிற காரியம் என்று சொன்னாள்.

“பாருங்க மம்மி,” என்றாள் மெரிஸா. “டடிக்கே சிரிப்பு வந்திட்டு. சொந்தத் தாத்தா. அப்ப பள்ளிக்கூடத்தில இருக்கிற புள்ளைங்க என்ன செய்யும்?”

கிளறன்ஸின் முகம் கறுத்தது. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, பேர்ணடெற்றைப் பார்த்துப் பிள்ளைக்குப் பாய் போடச் சொன்னார். “பேர் மாறும் மட்டும் இவ இங்கதான்,” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிஷாந்த் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தான். மன்னித்துக்கொள் என்றான், அக்கா அழுகிறாள் என்றான், அம்மா சாப்பிடுகிறாவில்லை என்றான். மாற்றுவதற்குத் தாயும் தகப்பனும் இரண்டு பேரும் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று மெரிஸா கந்தோரில் விசாரித்து வைத்திருந்தாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்காவின் மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று அவன் சொன்ன நாளில் போனைப் பேச்சின் நடுவில் வைத்துவிட்டாள். பகலில் முடுக்கின் புழுக்கம் தாங்க முடியவில்லை. பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. தெருக்குழாயில் அள்ளி வந்த தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து விடுவாள். கைக்குள் கோபம் இருந்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், சிணுங்குவான். அதற்காக மெதுவாகத் துடைப்பாள். ஆனால் தணிந்தது கை மட்டும்தான்.

ஞாயிறு போய்த் திங்கட்கிழமை, பூசை மணி அடித்து ஓய்ந்த நேரம், முடுக்கின் வாசலில் இரத்தினம்மா நின்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் அந்தப் பக்கம் வராதவர். பின்னால் கிஷாந்த், வேலைக்கு லீவு போட்டவன் முகத்தோடு. பேர்ணடெற் அவசரமாகக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். இரத்தினம்மா இருந்து, கொடுத்த சோடாவை ஒரு மிடறு குடித்து, மருமகளைப் பார்த்தார்.

“உம்மிலை எனக்குக் கோவம் தீரேல்லை,” என்றார். “சொல்லாமக் கொள்ளாமப் போனது பிழை.”

மெரிஸா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“நேற்று மார்க்கெட்டுக்குப் போனனான். எனக்குச் சுறா வெட்டித் தாற அந்த மீன்காரன், அம்மே அம்மே எண்டு நிப்பானே, அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவனிட்டைக் கேட்டன், என்ர பேரனுக்கு இப்பிடிப் பேர், நல்லா இருக்கோ எண்டு.” இரத்தினம்மா சோடாவைக் கீழே வைத்தார். “அவன் சிரிக்கேல்லை, பிள்ளை. கத்தியை வைச்சுப்போட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டவன். பிறகு காசு வாங்க மாட்டன் எண்டுட்டான். சிரிச்சிருந்தா நான் ஏசிப்போட்டு வந்திருப்பன்.”

முடுக்கில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போன சத்தம் கேட்டது.

“இந்த மாடு இருக்குதே,” என்று மகனைக் காட்டினார், “இதுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சு கொண்டு போய் எழுதியிருக்குது. என்னைக் கொண்டுபோய்ச் சுன்னாகத்திலை கட்டிவிடவும் தெரிஞ்சிருக்குது. ஒரு வார்த்தை கேட்டவங்களே என்னட்டை? நான் உஷாந்தியோடை நேற்றிரவு கதைச்சன். என்ன கதைச்சனெண்டு அவளிட்டைக் கேளுங்கோ. இப்ப வெளிக்கிடும், கந்தோர் பூட்டமுன்னம் போவம்.”

கந்தோரில் வரிசை நீளம். மின்விசிறி ஒன்று சுழன்றது, ஒன்று சுழலவில்லை. கிஷாந்த் தாள்களைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். யன்னலுக்கு அப்பால் இருந்த எழுதுவினைஞர் பழைய பதிவைப் பார்த்தார், புருவத்தை ஒருமுறை உயர்த்தினார். புதிய பெயரைச் சொல்லும்படி சிங்களத்தில் கேட்டார். கிஷாந்த் மனைவியைத் திரும்பிப் பார்த்தான், அவள் சொல்லட்டும் என்று. மெரிஸா அசையவில்லை. போய் வைத்தவன் அவன், சொல்லி மாற்றுகிறவனும் அவனாகவே இருக்கட்டும்.

“கதிர்,” என்றான்.

எழுதுவினைஞர் மூன்று பாஷையிலும் எழுதினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வெயில் தார் றோட்டில் நெளிந்தது. கிஷாந்துக்கு மூச்சு வந்துவிட்டது. பெரிய காரியம் ஒன்றை முடித்தவன்போலக் கையை நீட்டி ஒரு ஓட்டோவை மறித்து, வெள்ளவத்தை என்றான்.

“கொட்டாஞ்சேனை,” என்றாள் மெரிஸா ஓட்டோக்காரனிடம்.

“பேர்தான் மாத்தியாச்சே, மெரி.”

“அது புள்ளட பேர். வீட்ட விக்கிறது, வேலய விடுறது, நாட்ட விட்டுப் போறது, ஒண்டும் இன்னும் மாறல்ல. நாங்க வரல்ல எண்டு நீங்க உங்கட வாயால அக்காட்டச் சொல்லுங்க. மாமி சொன்னது காணாது. நான் சொன்னதும் காணாது.”

அவன் போனை எடுத்தான். அங்கே இப்போது விடிந்திராது என்றான், பின்னேரம் எடுக்கிறேன் என்றான், முதலில் வீட்டுக்குப் போவோம் என்றான். ஓட்டோக்காரன் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

இரத்தினம்மா பேரனை வாங்கிக்கொண்டு, சேலையை ஒதுக்கிப் பிடித்து, முதலில் ஏறி உட்கார்ந்தார். மருமகளுக்கு இடம்விட்டு நகர்ந்தார். மெரிஸா ஏறியதும், தானும் ஏறலாமா என்று குனிந்த மகனைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அங்கை விடியும் மட்டும் நில்,” என்றார். “கதைச்சு முடிச்சுப்போட்டு பஸ்ஸிலை வா.”